ஹாக்காவுக்கு எதிரே நெவில் பிரைடி

நெவில் பிரைடியின் முகத்தை அவன் மனைவி மெரிலைவிட நான்தான் அதிகம் உற்றுப் பார்த்திருப்பேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஜூன் மாதச் சேற்றில், பத்து மீட்டர் தள்ளி, ஒன்றரை நிமிஷம். அந்த ஒன்றரை நிமிஷமும் நான் கண்ணை உருட்டி, நாக்கை நீட்டி, தொடையில் அறைந்துகொண்டிருப்பேன். அவன் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றுகொண்டிருப்பான்.

ஆற்றுக்கு இந்தப் பக்கம் தெ ரிமு, எங்கள் ஊர். எல்லாரும் மாவோரிகள், இந்த மண்ணின் பூர்வகுடிகள், ஒருவருக்கொருவர் சொந்தம். அந்தப் பக்கம் ஹார்லன்ஃப்ளாட். செம்மறி வளர்க்கும் வெள்ளைக்காரக் குடும்பங்கள். இரண்டு ஊருக்கும் ஒரே பாலம், ஒரே தபாலாபீஸ், ஒரே பல் டாக்டர். ரக்பி அணி மட்டும் இரண்டு. ராணி பிறந்தநாள் விடுமுறைச் சனிக்கிழமையில் எங்கள் மைதானத்தில் மோதுவோம். விசில் ஊதுவதற்கு முன்னால் நாங்கள் ஹாக்கா ஆடுவோம், ஆட்டமும் முழக்கமும் சேர்ந்தது. டிவியில் தேசிய அணி ஆடுவது இல்லை, இது எங்கள் சொந்த ஹாக்கா. மாத்தியு சித்தப்பாவின் அப்பா கட்டியது. ஆறு பெருகிப் பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதும், எங்கள் ஆட்கள் ஒருவர் இடுப்பை ஒருவர் பிடித்துக்கொண்டு அக்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும் அதில் வரும். மாத்தியு சித்தப்பாதான் முன்னால் நின்று குரல் கொடுப்பார். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவர். வயசு நாற்பதைத் தாண்டியும் ஆடிக்கொண்டிருந்தார், வேறு யாருக்கும் அந்தத் தொண்டை இல்லை என்பதால்.

நெவில் ஆறடி மூன்றங்குலம். கழுத்து என்று தனியாக ஒன்று கிடையாது. "எங்க வீட்ல ரொம்பப் பேசறது ரேடியோ. அடுத்தது நான். அதுக்கடுத்தது நாய்" என்று மெரில் சொல்வாள். எண்பத்து நாலில் அவனைத் தலைவனாகத் தேர்ந்தெடுத்தார்கள். கூட்டத்துக்கு வராதவனைத் தேர்ந்தெடுப்பது ஹார்லன்ஃப்ளாட் வழக்கம். அன்றைக்கு அவன் தன் செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தான்.

அந்த ஜூனில் முதல்முறையாக அணிக்கு முன்னால் வந்து நின்றான். மாத்தியு சித்தப்பா முதல் அடி எடுத்ததுமே நெவில் குனிந்து ஷூ லேஸைக் கட்ட ஆரம்பித்துவிட்டான். தலைவனைப் பார்த்து மற்ற பதினாலு பேரும் குனிந்தார்கள். நாங்கள் அவ்வளவு உயிரைக் கொடுத்து ஆடியது பதினைந்து முதுகுகளுக்கு முன்னால்.

ஆட்டம் முடிந்தால் எங்கள் கூடத்தில் இரண்டு அணிக்கும் டீ. சமையலறை கரரைனா அத்தையின் ராஜ்ஜியம். கெட்டிலோடு நேராக நெவிலிடம் வந்தாள்.

"ஏம்ப்பா, லேஸை வீட்லயே கட்டிக்கிட்டு வரக் கூடாதா? உங்க பக்கம் அதுக்குன்னு தனியா நாள் வெச்சிருக்கீங்களா?"

நெவிலின் காது நுனிவரை சிவந்தது. "மன்னிச்சுக்கோங்க, மிஸஸ் பரடா" என்று சொல்லிவிட்டு, கொதிக்கிற டீயை ஒரே மடக்கில் குடித்தான்.

மறு வருஷம், சிரித்த முகமாக நின்றால் மரியாதையாக இருக்கும் என்று யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கல்யாண ஃபோட்டோவுக்கு நிற்கிறவன் மாதிரி பல் தெரியச் சிரித்தபடி நின்றான். மாத்தியு சித்தப்பா நடுவில் ஒரு வரியையே விட்டுவிட்டார்.

"அவன் எதுக்குடா இளிக்கிறான்? என் பேன்ட் கிழிஞ்சிருக்கா?" என்று என்னிடம் கேட்டார்.

"இல்ல சித்தப்பா. ஆசையா பார்க்கறான்."

"அது அதைவிட மோசம்டா."

அந்த வருஷம் அவர்களை நாற்பது பாயின்ட் வித்தியாசத்தில் அடித்தோம்.

மூன்றாம் வருஷத்து யோசனை சாராயக் கடையில் பிறந்தது. ஹாக்கா ஆடும்போது எதிரே நிற்கிறவன் பின்வாங்கக் கூடாது, முன்னேறி வந்து முகத்துக்கு நேரே நிற்கணும், அதுதான் ஆண்மை என்று அங்கே எவனோ அடித்துச் சொல்லியிருக்கிறான். நெவில் கைகளைக் கட்டிக்கொண்டு நடுக்கோட்டைத் தாண்டி நடந்து வந்தான். மாத்தியு சித்தப்பாவுக்கு ஓரடி முன்னால் நிற்பதாகத் திட்டம். காலையிலிருந்து மழை. கால் வழுக்கியது. நெற்றி நெற்றியிலும் மூக்கு மூக்கிலும் அழுந்த, இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் சனங்களுக்கு மூக்கோடு மூக்கு வைத்து மூச்சைப் பகிர்ந்துகொண்டால் அது வரவேற்பு. வந்தவன் அதற்குப் பிறகு அந்நியன் இல்லை.

ஓரத்தில் குடைபிடித்து நின்ற கரரைனா அத்தை கூவினாள்: "மூக்கு பட்டுடுச்சு! முடிஞ்சுது! இனிமே அவன் விருந்தாளி, யாரும் அடிக்காதீங்கடா!"

"விருந்தாளியாவது மண்ணாவது! என் கால மிதிச்சுக்கிட்டு நிக்கிறான்!" என்று சித்தப்பா கத்தினார்.

நெவில், சத்தியமாகச் சொல்கிறேன், "வணக்கம்" என்றான்.

இதையெல்லாம் அன்றன்றைக்கே சிரித்து மறந்தோம். நாலாம் வருஷம் நடந்ததை மறக்க முடியவில்லை.

எண்பத்தேழில் ஒன்றுமே செய்வதில்லை, சும்மா நிற்பது என்று நெவில் முடிவு பண்ணியிருந்தான். நல்ல முடிவு. ஆனால் அவனுக்கு ஒரு பழக்கம். படபடப்பு வந்தால் பல்லிடுக்கில் மெல்ல விசிலடிப்பான். அவனுக்கே தெரியாது. அன்றைக்கு மைதானத்து ஓரம் நிறுத்தியிருந்த பிக்கப் வண்டியின் பின்னால் நெவிலின் நாய் ஜில் படுத்திருந்தது. அந்தச் சுற்றுவட்டாரத்தில் அதைப் போல மந்தை மடக்கும் நாய் கிடையாது. குரைக்காது, கடிக்காது. கண்ணாலேயே தள்ளும்.

நாங்கள் வெள்ளம் வரும் வரிக்கு வந்தபோது நெவிலின் வாயிலிருந்து அந்த விசில் வந்தது. நீளமாக ஒன்று, குட்டையாக ஒன்று. ஜில்லின் பாஷையில் அதற்கு ‘சுற்றி வளைத்துக் கொண்டு வா’ என்று அர்த்தம்.

கறுப்பாக ஏதோ ஓடுவதுதான் எனக்குத் தெரிந்தது. எங்களுக்குப் பின்னால் அரைவட்டம் போட்டு வந்து, வயிறு தரையில் பட, ஒவ்வொரு அடியாக நெருங்கியது. எங்கள் ஸ்க்ரம்மின், அதாவது தோள் கோத்து முட்டித் தள்ளும் கூட்டத்தின், தூண் பாவோரா. நூற்று முப்பது கிலோ. சின்ன வயதில் நாயிடம் கடிபட்டவன். "பெனே... பெனே..." என்று என் பெயரைச் சொல்லிக்கொண்டே என் முதுகோடு ஒண்டினான். அவன் நகர, அவன் பக்கத்து ஆள் நகர, வரிசை வளைந்தது, பிறகு உருண்டை ஆனது. தொடையில் அறைந்துகொண்டே, வாயில் வெள்ளத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே, பதினாலு பேரும் குறுக்கிக் குறுக்கி முன்னால் போனோம். மாத்தியு சித்தப்பா மட்டும் நின்ற இடத்திலேயே நின்று ஆடினார். நாய் அவரைக் கிழட்டுக் கிடா என்று நினைத்து விட்டிருக்க வேண்டும்.

எங்களை நெவிலின் காலடியில் கொண்டுவந்து சேர்த்துவிட்டு ஜில் உட்கார்ந்தது. நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தது.

அவன் வாய் தானாகச் சொன்னது: "நல்ல பொண்ணு."

மைதானத்து ஓரத்தில் எங்கள் அத்தைமார்கள் ஒருத்திமேல் ஒருத்தி சாய்ந்து சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. அதைவிடக் கொடுமை, ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அன்றைக்கு ஹார்லன்ஃப்ளாட் ஜெயித்தது. மாத்தியு சித்தப்பா கை குலுக்காமல் பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார். அவ்வளவு பெரிய பஸ்ஸில் அவர் ஒருவர் மட்டும்.

ஒரு வாரம் நெவில் பாலத்தைத் தாண்டவில்லை. தபாலாபீஸுக்கு மெரில்தான் வந்தாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் மராயின், அதாவது ஊர் மன்றத்தின், வாசலில் அவர்கள் வண்டி வந்து நின்றது. நெவில் கோட்டும் டையும் போட்டிருந்தான். தோளில் உரித்த ஆடு ஒன்று துணியில் சுற்றியிருந்தது. பின்னால் மெரில். நாயை விட்டுவிட்டு வந்திருந்தான்.

முறைப்படி வரவேற்று உள்ளே உட்காரவைத்தோம். எங்கள் பக்கம் பேசி முடிந்ததும் அவன் எழுந்து நின்றான்.

"நாய் மேல தப்பில்ல" என்றான். "அது சொன்னதைத்தான் செஞ்சுது. தப்பு என்னோடது."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டான். எங்கள் வழக்கப்படி பேச்சு முடிந்தால் பேசியவன் பக்கத்து ஆட்கள் எழுந்து ஒரு பாட்டுப் பாட வேண்டும். எல்லாரும் காத்திருந்தோம். விஷயம் புரிந்து மெரில் எழுந்தாள், ஒரு தேவாலயப் பாட்டை ஆரம்பித்தாள். இரண்டாவது வரியில் கரரைனா அத்தை சேர்ந்துகொண்டாள், மூன்றாவது வரியில் கூடமே சேர்ந்துகொண்டது. மாத்தியு சித்தப்பா கடைசி வரியில் மட்டும் சேர்ந்தார், ஆனால் எல்லாரையும்விட உரக்க.

சாப்பாட்டில் பன்றி எலும்பும் கீரையும், எண்ணெயில் பொரித்த ரொட்டியும். நெவில் இரண்டு தட்டு காலி பண்ணிவிட்டு முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"ஒண்ணு கேக்கணும்னு நாலு வருஷமா நெனச்சுக்கிட்டிருக்கேன்" என்றான். "நீங்க அதை ஆடும்போது, நாங்க என்னதான் செய்யணும்?"

எங்களிடம் அதை யாரும் கேட்டதே இல்லை.

"பயப்படணும்" என்றான் பாவோரா.

"பயந்துக்கிட்டுதான் நிக்கிறேன்."

"அப்ப சரியாத்தான் செய்யற."

"அதெல்லாம் இல்ல" என்றார் மாத்தியு சித்தப்பா. "நாங்க ஒண்ணு சொன்னா நீங்களும் ஒண்ணு பதில் சொல்லணும். உங்க பக்கத்துலருந்து ஏதாவது ஆடுங்க."

நெவில் யோசித்தான். "எங்ககிட்ட ஒரே ஒரு ஆட்டம்தான் இருக்கு. ஜோடி ஜோடியா ஆடறது. அதுக்குப் பொம்பளைங்க வேணும்."

"பதிலும் வேணாம் ஒண்ணும் வேணாம்" என்றாள் கரரைனா அத்தை. "யாராவது உனக்குப் பிறந்தநாள் பாட்டுப் பாடினா என்ன பண்ணுவ?"

"கேக்கைப் பார்ப்பேன்."

"அதான் தப்பு. பாடறவங்களைப் பாரு."

"பிறந்தநாள் பாட்டும் ஹாக்காவும் ஒண்ணா?" என்று சித்தப்பா மேசையைத் தட்டினார். "அது சவால்! சவாலுக்குப் பதில் கொடுக்கலன்னா அது அவமானம்!"

"வந்தவங்களை மதிச்சுத்தானே ஆடறோம்? மதிக்காதவன் முன்னாடி எவனாவது இவ்வளவு கஷ்டப்படுவானா?"

"கிட்ட வரலாம்" என்றது ஒரு குரல். "கோட்டைத் தாண்டக் கூடாது" என்றது இன்னொன்று. "முதுகைக் காட்டினாத்தான் தப்பு", "இல்லல்ல, இளிச்சான் பாரு அதுதான் தப்பு" என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். சித்தப்பாவும் அத்தையும் உடன்பிறந்தவர்கள் ஆகையால் சண்டை சீக்கிரமே ஹாக்காவை விட்டுவிட்டு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் யாரோ யாருடைய சைக்கிளையோ ஆற்றில் போட்டதற்குப் போய்விட்டது. நெவிலும் மெரிலும் எல்லாத் தட்டுகளையும் கழுவித் துடைத்து அடுக்கிவிட்டு, சொல்லிக்கொள்ள ஆள் கிடைக்காமல் வீட்டுக்குப் போனார்கள்.

மறு வருஷம் விசில் வந்துவிடக் கூடாது என்று உதட்டை இறுக்கிக்கொண்டே நின்றான். பல்வலிக்காரன் மாதிரி இருந்தது.

எண்பத்தொன்பதில் எங்கள் ஊரில் காய்ச்சல். ஆட்டத்தன்று எண்ணிப் பார்த்தால் பதினாலு பேர்தான் தேறினோம். இப்படி ஆகும்போது எதிரணி ஓர் ஆளைக் கடன் கொடுப்பது எங்கள் பக்கத்துப் பழக்கம். யார் போவது என்று நெவில் கேட்டதும் அவனுடைய ஆட்கள் எல்லாரும் அவரவர் ஷூவை ஆராய்ந்தார்கள்.

"சரி. நானே போறேன்" என்றான் நெவில்.

எங்களிடமிருந்த பெரிய ஜெர்சி அவனுக்குத் தொப்புள்வரைதான் வந்தது. ஹாக்காவுக்கு அணிவகுக்கும்போது மாத்தியு சித்தப்பா அவனிடம், "நீ பின்வரிசையில பெனே பக்கத்துல நில்லு. வாயை மட்டும் அசைச்சா போதும்" என்றார்.

"எனக்குத் தெரியும்."

"என்ன தெரியும்?"

"முழுசா தெரியும். அஞ்சு வருஷமா முன்னாடி நின்னு கேக்கறேன்ல?"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

உண்மையாகவே தெரிந்திருந்தது. ஒரு வார்த்தை பிசகவில்லை. உச்சரிப்பு மட்டும் குளிரில் விறைத்த ஆள் பேசுவதுபோல் இருந்தது. ஆனால் அவன் அதைக் கற்றுக்கொண்டது எதிர்ப்பக்கத்தில் நின்று. கண்ணாடியில் பார்த்ததுபோல் எல்லாமே அவனுக்கு இடம் வலமாகவும் வலம் இடமாகவும் பதிந்திருந்தது. நாங்கள் வலக்கையை வீசும்போது அவன் இடக்கையை வீசினான். முதல் வீச்சு என் காதில் விழுந்தது. இரண்டாவது என் விலாவில். மூன்றாவதற்கு நான் குனிந்துகொண்டேன். பாவோராவுக்குக் கிடைத்தது.

பாதியில் அவன் குரல் மாறியது. என்னவென்று பார்த்தேன். கண்கள் பிதுங்க எதிரே நின்ற தன் அணியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் நிக்கரைச் சரிசெய்துகொண்டிருந்தான். துணைத்தலைவன் டூகல், பள்ளிக்கூட நாளிலிருந்து நெவிலின் கூட்டாளி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

ஆடி முடித்ததும் நெவிலுக்கு மூச்சு வாங்கியது. என் கையைப் பிடித்தான்.

"பாத்தியா அவனுங்கள?"

"யாரை?"

"டூகலை! நாம ஆத்துல இறங்கற இடத்துல அந்த நாய் சிரிக்கிறான்!"

"நீ லேஸ் கட்டினவன்தானே, நெவில்."

"தெரியும். பேசாத."

விசில் ஊதிய பத்தாவது வினாடியில் டூகல் சேற்றில் மல்லாந்து கிடந்தான். பந்து அப்போது மைதானத்தின் மறுகோடியில் இருந்தது.

"நெவ், நான்டா! டூகல்!"

"தெரியும்" என்றான் நெவில் அவன் மேலிருந்தபடியே.

ரெஃப்ரி எங்களுக்கு எதிராகப் பெனால்டி கொடுத்தார். மாத்தியு சித்தப்பா ஓடிவந்து நெவிலின் முதுகில் ஓங்கித் தட்டிக்கொடுத்தார். அன்றைக்கு நாங்கள் ஜெயித்தோம். டூகல் இரண்டு மாதம் நெவிலோடு பேசவில்லை. பேசாமலிருப்பது நெவிலுக்கு வித்தியாசமாகப் படாததால் டூகலாகவே வந்து பேசினான்.

அந்தக் கோடையில் ஒரு செவ்வாய்க்கிழமை நெவில் என் வீட்டுக்கு வந்தான். தீவனப் பையிலிருந்து கிழித்த காகிதமும் பென்சிலும் கொண்டுவந்திருந்தான். ஹாக்காவை வரி வரியாகச் சொல்லச் சொல்லி அர்த்தம் கேட்டு எழுதிக்கொண்டான். ஒரு வரியில் பென்சில் நின்றது.

"‘இக்கரையில யாரும் விடுபடலை’ன்னா... எல்லாரும் கடந்துட்டாங்களா?"

"ஆமா."

"பசங்க, கிழவங்க எல்லாம்?"

"எல்லாரும்தான்."

தலையை ஆட்டிக்கொண்டு எழுதினான். அந்தக் காகிதத்தை அவர்கள் உடைமாற்றும் கொட்டகைக் கதவில் ஒட்டினானாம். பயிற்சி நாட்களில் பதினைந்து பேரையும் தன் காளைக் கன்றுகள் மேயும் வேலியோரம் வரிசையாக நிறுத்தினானாம். ஆள் நின்றால் கன்றுகள் வந்து எதிரே நின்று முறைத்துப் பார்க்கும். முதலில் கண்ணைத் திருப்புகிறவன் மைதானத்தை மூன்று சுற்று ஓட வேண்டும். கன்றுகள் ஒரு நாளும் தோற்கவில்லை என்று டூகல் பிற்பாடு சொன்னான்.

தொண்ணூறாம் வருஷ ஆட்டத்துக்கு நல்ல மழை. நாங்கள் வரிசை கட்டினோம். அவர்கள் கோட்டருகே வந்து நின்றார்கள். கையைக் கட்டவில்லை, சிரிக்கவில்லை, முன்னேறவில்லை. கையைத் தொங்கவிட்டுக்கொண்டு, முகத்தில் வழிகிற தண்ணீரைக்கூடத் துடைக்காமல், முப்பது கண்ணும் எங்களையே பார்த்தன.

என்ன ஆனது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எத்தனையோ தடவை ஆடிய ஹாக்காதான். அதுவரை நான் அதை ஆடிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு ஒருவரிடம் சொன்னேன். ஆற்றில் இறங்கும் இடத்தில் மாத்தியு சித்தப்பாவின் குரல் உடைந்து, அதற்கப்புறம் இரண்டு மடங்காக எழுந்தது. பாவோரா அழுதுகொண்டே தொடையில் அறைந்தான். மழை என்று அப்புறம் சாதித்தான்.

முடிந்தது. ரெஃப்ரி விசிலை வாயில் வைத்தபடி நின்றார்.

நெவில் தொண்டையைச் செருமினான்.

"கேட்டுச்சு" என்றான்.

சித்தப்பா என் பக்கம் சாய்ந்தார். "என்னடா சொல்றான்?"

"கேட்டுச்சாம்."

"கேட்டுச்சாமா?"

அவர் கொஞ்ச நேரம் அதை மென்று பார்த்தார். "சரி" என்றார். "அப்ப ஆடலாம்."

ஆட்டம் பதினாலுக்குப் பதினாலு என்று சமமாக முடிந்தது. டீக்குப் போனபோது எல்லார் பார்வையும் கரரைனா அத்தையின் வாய் மேல். அவள் நெவிலின் தட்டில் ரொட்டியை வைத்தாள்.

"நின்னீங்க. குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா அந்தக் கடைசிப் பையன் ஒருதரம் கண்ணைச் சிமிட்டினான்."

"கண்ணுல தண்ணி விழுந்துடுச்சு, அத்தை" என்றான் நெவில்.

‘மிஸஸ் பரடா’ எங்கே போனாள் என்று அவனும் கவனிக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இன்னொரு ரொட்டி வைத்தாள். மாத்தியு சித்தப்பா மட்டும், சவால் என்றால் பதில் ஆட்டம் வேண்டும், வெறுமனே ‘கேட்டுச்சு’ என்று டெலிபோனில் சொல்கிற மாதிரிச் சொல்லிவிட்டுப் போவதா என்று பக்கத்து மேசையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது இன்றுவரை தீரவில்லை.

நெவில் அதற்கப்புறம் ஐந்து வருஷம் ஆடினான். தொண்ணூற்றைந்தில் முழங்கால் போய்விட்டது. மறு வருஷத்திலிருந்து கொடியைப் பிடித்துக்கொண்டு எல்லைக்கோட்டில் ஓடுகிற நடுவரானான். அவன் தெ ரிமுவுக்குச் சாதகமாகக் கொடி தூக்குகிறான் என்று ஹார்லன்ஃப்ளாட்டிலிருந்து மாவட்டச் சங்கத்துக்குக் கடிதம் போனது. ஹார்லன்ஃப்ளாட்டுக்குச் சாதகம் என்று எங்களிடமிருந்தும் போனது. எங்கள் கடிதத்தை எழுதியவன் நான்தான். அவன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினேன். ‘பாரபட்சம்’ என்பதற்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தவள் மெரில். நெவில் அடுப்பருகே உட்கார்ந்து, நான் புகாரில் எழுதிய அந்தப் பந்து கோட்டுக்கு வெளியேதான் போனது என்று மட்டும் சொன்னான்.